சுண்டைக்காயின் சொந்த ஊர்

1

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நான் கொடுத்துவிட்டு மறந்துபோன ஒரு விண்ணப்பத்தைப் பற்றி இன்று காலைத் தபாலில் நினைவூட்டல் வந்திருக்கிறது. ஏழாவது கட்டம் ஒழுங்காக நிரப்பப்படவில்லையாம். இரண்டு வாரத்துக்குள் நிரப்பி அனுப்பாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகுமாம். ஆகட்டும், எனக்கென்ன வந்தது. எந்தக் காரியத்துக்காக அதைக் கொடுத்தேனோ அந்தக் காரியம் இப்போது வேறு திசையில் போய் நிற்கிறது. ஆனாலும் காகிதத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்தால் அவள் இரண்டு மடங்காகத் திருப்பித் தருவாள். ஆகையால் கடல் தாண்டி ஊரில் சௌக்கியமாக இருக்கிற உங்களிடம் கொட்டுகிறேன்.

நான் ஜொகூரில், பொந்தியானிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. கிராணி உத்தியோகம் என்றால் ஊரில் பெரிதாக நினைக்கிறீர்கள். விடியற்காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டுப் பதிகிறது, துரை சொல்வதைத் தமிழில் கங்காணிக்கும் கங்காணி சொல்வதை இங்கிலீஷில் துரைக்கும் சொல்கிறது, இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிறது. இவ்வளவுதான் உத்தியோகம். மீதி நேரத்துக்குப் பாரம் நிரப்புகிறேன். அச்சடித்த விண்ணப்பத் தாளை இங்கே எல்லோரும் பாரம் என்றுதான் சொல்கிறோம். இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் வாய் திருப்பிப் போட்டதில் இத்தனை பொருத்தமாக அமைந்தது வேறொன்று இல்லை.

ஏழாவது கட்டம் கேட்கிற கேள்வி இது: செடியின் சொந்த நாடு எது? செடி என்றால் ஏதோ வாசனைப் பயிர், பணப்பயிர் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். சுண்டைச் செடி. சிரிக்க வேண்டாம், இதில் ஓர் ஆளின் உயிர் இருந்தது.

2

என் அண்ணன் சிங்காரம் என்னைவிட எட்டு வயது மூத்தவர். எனக்குப் பதினான்கு வயதாகும்போது அவர் ட்ரினிடாட் என்கிற தீவுக்குக் கப்பல் ஏறினார். ஆள் பிடிக்க வந்த ஏஜெண்டுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லையோ, வேண்டுமென்றேதான் மாற்றினானோ, சீனித் தீவு என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அங்கே கரும்பு வெட்டுகிற வேலை. தாகமெடுத்தால் வெட்டிய கரும்பையே கடித்துக்கொள்ளலாமாம். அந்த வருஷம் எங்கள் பக்கம் மழை பொய்த்திருந்தது. அண்ணன், தம்பி இரண்டு பேரும் வந்தால் நல்லது என்று அவன் கேட்டான். அண்ணன் என்னைக் காட்டி, "இவன் படிக்கிற பயல், இவன விட்டுடு. நான் வர்றேன்" என்றார்.

அவர் போனதால் நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தேன். இங்கிலீஷ் படித்ததால் கிராணி ஆனேன். அவர் கையில் வெட்டுக்கத்தி ஏறிய நாளிலிருந்து என் கையில் பேனா இருக்கிறது. இதை நான் மறந்தவனில்லை. மறந்தவன் மாதிரி பல வருஷம் இருந்திருக்கிறேன், அது உண்மை.

அண்ணனுக்கு எழுதத் தெரியாது. தன் பேரை மட்டும் தமிழில் எழுத்துக் கூட்டி வாசிப்பார். முதல் சில வருஷம் யாராவது எழுதிக்கொடுத்த கடிதம் வந்தது, பிறகு நின்றது. அம்மா இறந்த சேதிக்குப் பதில் இல்லை. நானும் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். செத்துப்போயிருப்பார் என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, மனசுக்குள் அப்படித்தான் வைத்திருந்தேன். அப்படி இருக்கையில்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போன ஒரு கடிதத்தை மாமா எனக்குத் திருப்பி அனுப்பினார்.

இங்கிலீஷ் கடிதம். எழுதியவள் அண்ணன் மகள், பெயர் எமிலி. அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், வயிற்றில் கோளாறு, தோட்டத்து டாக்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லை, எதைச் சமைத்து வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், நாளுக்கு நாள் எலும்பும் தோலுமாகிறார் என்று எழுதியிருந்தாள். கடைசியில் இப்படி ஒரு வரி: அப்பா ஒரே ஒன்றைத்தான் கேட்கிறார், 'சூண்டக்கா' என்கிறார், அது ஆளா, மருந்தா, சாமியா என்று எங்களுக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து அனுப்பவும்.

முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். ஏனென்றால் சின்ன வயதில் சுண்டை வற்றலைக் கண்டால் அண்ணனுக்கு ஆகவே ஆகாது. அம்மா வற்றல் குழம்பு வைத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் இலைக்குத் தள்ளிவிடுவார். வயிற்றுக்கு நல்லதுடா, வயிற்றுப் பூச்சி சாகும்டா என்று அம்மா கத்துவாள். அந்தக் கத்தல்தான் இருபது வருஷம் கழித்து அவர் காதில் கேட்டிருக்கிறது போலும்.

3

சுண்டைச் செடி எங்கள் வீட்டுப் பின்னாலேயே நிற்கிறது. தோட்டத்துப் புல்வெட்டு ஆட்கள் ரப்பர்ப் பால்மரத்தைத் தவிர வேறு எது தலைகாட்டினாலும் வெட்டிச் சாய்ப்பார்கள். என் மனைவி கமலம் அவர்களோடு மாதம் ஒரு சண்டை போட்டு அந்த ஒரு செடியைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். நம் ஆட்கள் ஊரிலிருந்து மடியில் விதை முடிந்து கொண்டுவந்த செடி இது என்று என் மகள் செல்லத்திடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் நம்பியதில்லை.

செல்லத்துக்கு அப்போது பத்து வயது. காலையில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ், மத்தியானம் முழுக்க பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, பிள்ளைகளோடு மலாய். வீட்டுக்குள் வரும்போது இரண்டும் கலந்து வரும். பப்பாளி என்றால் முழிப்பாள், பெத்திக் என்றால்தான் புரியும். ஒரு நாள் அன்னாசி வாங்கி வரச் சொன்னேன், "அன்னாசின்னா நானாஸா? அப்படிச் சொன்னா என்னவாம்?" என்று கேட்டாள். அன்னாசிதான் சரி, அதுதான் தமிழ் என்று அதட்டினேன். சுண்டைச் செடியைப் பற்றியும் அவளுக்கு வேறு தீர்ப்பு இருந்தது.

"இது தெரோங் பிப்பிட்ப்பா. கம்பத்துல எல்லா வீட்டுலயும் இருக்கு. சம்பால் தொட்டு பச்சையாவே தின்றாங்க. நீங்கெல்லாம் வர்றதுக்கு முந்தியே இங்க இருக்குலா."

தெரோங் பிப்பிட் என்றால் குருவிக் கத்தரி. மலாய்க்காரர் செடிக்கு நான் சொந்தம் கொண்டாடுகிறேனாம். பெற்ற மகளே அந்நியச் செடிக்காகக் கட்சி கட்டுகிறாளே என்று அன்றைக்கு முழுக்கக் கடுகடுத்துக்கொண்டிருந்தேன்.

அது கிடக்கட்டும். எமிலியின் கடிதம் வந்த வாரமே பழுத்த காயை நசுக்கி, விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, துணியில் தைத்து, ட்ரினிடாட், மேற்கிந்தியத் தீவுகள் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் எழுதித் தபாலில் சேர்த்தேன். ஐந்து மாதம் கழித்துப் பொட்டலம் என்னிடமே வந்து சேர்ந்தது. மேலே பம்பாய் முத்திரை. அப்படி ஓர் ஊர் இந்தப் பக்கம் இல்லை என்று யாரோ கிறுக்கியிருந்தார்கள்.

எங்கள் சிற்றூர்த் தபால் குமாஸ்தாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவரும் நம்மவர்தான், வயதானவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விலாசத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "மேற்கு இந்தியான்னுதானே போட்டிருக்கீங்க? பம்பாய்தானே மேற்கு?" என்றார். அவரைச் சொல்லி என்ன பயன். இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு வழி தப்பிய வெள்ளைக்காரக் கப்பல்காரர்கள் எதிர்ப்பட்ட தீவுக்கெல்லாம் இந்தியா என்று பேர் வைத்துவிட்டார்கள். தப்பென்று தெரிந்த பிறகாவது மாற்றினார்களா, இல்லை. அவர்கள் வழி தப்பியதற்கு என் அண்ணனின் விதை பம்பாய் போய்த் திரும்பியது.

மறுபடி அனுப்பலாம் என்றால், குமாஸ்தா இந்தத் தடவை சட்டப் புத்தகத்தை எடுத்துவிட்டார். கடல் தாண்டிப் போகிற விதைக்கு நோயில்லை என்று சர்ட்டிபிகேட் வேண்டுமாம். அதற்கு ஜொகூர் பாருவுக்குப் போக வேண்டுமாம்.

4

துரையிடம் ஒரு நாள் லீவு கேட்டு, காரணத்தைக் கூச்சத்தோடு சொல்லி, மோட்டார் பஸ் ஏறினேன். பஸ் கூரை முழுக்க அன்னாசிப்பழம். எங்கள் பக்கம் இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவில் சீனர்கள் அன்னாசி போடுவார்கள்; பழம் டப்பாவில் அடைபட்டுச் சீமைக்குப் போகும். வழி நெடுக அதன் சாறு என் தோளில் சொட்டிக்கொண்டே வந்தது.

ஆபீஸில் என் பாரத்தை வாங்கியவர் யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் சிவப்புப் பென்சில். ஒவ்வொரு கட்டமாக டிக் அடித்துக்கொண்டு வந்தவர் ஏழாவதில் நின்றார். செடியின் சொந்த நாடு என்ற இடத்தில் இந்தியா என்று எழுதியிருந்தேன். சிவப்புப் பென்சிலால் அதை அடித்தார்.

"இதுக்கு இந்தியா எண்டு எழுத ஏலாது."

"ஏன் எழுதக் கூடாது?"

"இது இந்தியச் செடி இல்லை. உங்கட தமையனார் இருக்கிற தீவுப் பக்கம்தான் இதின்ர சொந்த ஊர்."

என் தாயார் கொல்லை வேலியில் பறித்து மோரில் போட்டுக் காயவைத்ததை நான் கண்ணால் பார்த்தவன், கோட்டுப் போட்டவர்கள் எனக்குச் சுண்டைக்காய் சொல்லித்தர வேண்டாம் என்று சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்து மேஜை எழுத்தர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனிதர் கோபப்படவில்லை. எழுந்து போய்ப் பெரிய புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்தார். சுண்டையின் படம் அதில் இருந்தது, முள்ளும் வெள்ளைப் பூவுமாக. கீழே அந்தத் தீவுகளின் பேர் எழுதியிருந்தது. வந்த செடிதான், ஆனால் வந்து கனகாலம் ஆச்சு என்று எனக்கு ஆறுதல் போலச் சொன்னார்.

அவர் அத்தோடு விட்டிருக்கலாம். ஆசாமிக்குச் செடிப் பைத்தியம், பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். கொய்யா அந்தப் பக்கத்தது. பப்பாளி, மரவள்ளி, சீத்தா, முந்திரி, நிலக்கடலை, தொட்டாச்சிணுங்கி எல்லாம் அந்தத் தீவுகளிலிருந்தும் அதை ஒட்டிய பெருநிலத்திலிருந்தும் கப்பலேறி வந்தவை. மிளகாயும் அப்படியே. மிளகாயுமா என்று கேட்டேன், என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது. அன்னாசியும் நானாஸும் ஒரே வார்த்தையிலிருந்து பிறந்தவையாம்; அந்தப் பக்கத்து ஆதிக்குடிகள் அந்தப் பழத்துக்கு வைத்த பேர். கொய்யா, பப்பாளி என்பதும் அவர்கள் பேச்சிலிருந்து பறங்கியர் வாய்வழியாக நம் வாய்க்கு வந்ததுதானாம். எதைத் தமிழ் என்று என் மகளை அதட்டினேனோ அது அப்படிப் போயிற்று.

அந்த ஆதிக்குடிகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். தீவுகளில் அநேகமாக அழிந்துபோனார்கள் என்றார். வெள்ளைக்காரர்கள் அங்கே இறங்கியதும் கொள்ளை நோயிலும் அடிமை வேலையிலும் மாண்டுபோனார்கள். அவர்கள் நிலத்தில் கரும்பு நட்டார்கள். கரும்பு நம் கிழக்குப் பக்கத்துச் செடி, அது இங்கிருந்து அங்கே போயிற்று. கரும்பு வெட்ட ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைச் சங்கிலி போட்டுக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு மலிவாகத் தீனி போடத் தென்கடல் தீவிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளைத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கப்பலில் கொண்டுபோனார்கள். அந்த மக்கள் வெகுகாலம் அதை வாயில் வைக்க மாட்டோம் என்றார்களாம். அடிமைத்தனம் ஒழிந்தது, ஆப்பிரிக்கர்கள் கரும்புக் காட்டை விட்டு வெளியேறினார்கள், உடனே நம் ஆட்களைத் தேடி ஏஜெண்டு வந்தான். இப்போது அங்கே மாமரம் உண்டு, புளியமரம் உண்டு, கறிவேப்பிலை உண்டு. என் அண்ணனும் உண்டு.

கேட்கக் கேட்க எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சியது. எந்தச் செடி எங்கே நிற்க வேண்டும், எந்த மனிதன் எங்கே குனிய வேண்டும் என்று எங்கேயோ நாலு பேர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். "ரப்பர்க் கொட்டைய பிரேசில்லேருந்து மூட்டை மூட்டையா அள்ளிட்டு வந்தாங்களே, அப்ப இந்தப் பாரத்த யார் நிரப்பினது?" என்று கேட்டேன். மனிதர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். அவர் சொன்னதன் சாரம் இது: ஏழாவது கட்டத்தைத் திருத்தி எழுதினால் சர்ட்டிபிகேட் இன்றைக்கே தருகிறேன், ஆனால் அந்தச் சிரமம் எதற்கு, உங்கள் தமையனார் கதவைத் திறந்தால் செடி எதிரே நிற்குமே.

நான் திருத்தவில்லை. பாரத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன். அவர் சொன்னபடி அன்றைக்கே எமிலிக்கு எழுதியிருக்க வேண்டும். ரோஷத்தில் இரண்டு வாரம் எழுதவில்லை. அந்த இரண்டு வாரமும் அங்கே ஒரு மனிதர் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார் என்பது இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

5

கடைசியில் கமலம் பிடித்து உட்கார வைத்து எழுதச் செய்தாள். இலை அகலம், தண்டில் முள், வெள்ளைப் பூ, பட்டாணி அளவில் பச்சைக் காய் கொத்துக் கொத்தாக என்று விவரித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஆள் கணக்குக்கும் மழைக் கணக்குக்கும் போதும், ஒரு செடியை நிறுத்திக் காட்ட அது போதவில்லை. செல்லம் படம் வரைந்தாள். தெரோங் பிப்பிட் என்று படத்தின் கீழே எழுதப் போனவளைத் தடுத்தேன். ஓர் இலையைக் காயவைத்துக் கடிதத்துக்குள் வைத்தேன்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. எமிலி எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன். இந்தச் செடி எங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சமையற்கட்டுக்குப் பின்னால் நிற்கிறது, கரும்புக் காட்டு ஓரமெல்லாம் நிற்கிறது. அப்பாவுக்குத் தோட்டத்தில் பல வருஷம் வேலையே இதை வெட்டி எறிவதுதான். வீட்டுப் பின்னால் முளைப்பதையும் அவரேதான் வருஷா வருஷம் வெட்டுவார்.

இருபது வருஷம் கண்ணெதிரே நின்றிருக்கிறது, தெரியவில்லை. அதைக் களை என்று அவருக்குக் காட்டினார்கள். அதற்குமேல் அவர் எதற்கு அதன் காயைக் கிள்ளிப் பார்க்கப் போகிறார்? கொத்தோடு வெட்டி எரித்திருக்கிறார். என்னைக் குற்றம் சொல்லச் சொன்னால் நான் அவரைச் சொல்ல மாட்டேன்.

அதற்கு அடுத்த வரிதான் என்னை நிலைகுலைத்தது. எமிலி காயைப் பறித்து வேகவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். இதுதான் சூண்டக்கா, சித்தப்பா எழுதியிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். அண்ணன் தட்டைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். இது இங்கத்துக் காட்டுச் செடி, சுண்டைக்காய் இந்தத் தீவிலேயே கிடையாது, அது எங்கள் ஊர்ச் செடி என்று அவர்கள் பேசுகிற இங்கிலீஷில் சொன்னாராம். அன்றிலிருந்து கஞ்சியும் இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்கிறாராம்.

ஜொகூர் பாரு ஆபீஸில் மேஜையைத் தட்டி நான் சொன்னதையே அவர் அங்கே படுக்கையில் கிடந்து சொல்லியிருக்கிறார்.

6

கடிதத்தைக் கமலத்துக்குத் தமிழில் சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்தே கேட்டாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அவரு கேக்கறது காய் இல்லீங்க. ஊர்லேருந்து வந்த காய்."

அப்படியானால் வற்றலாகவே போட்டு அனுப்பலாமா என்று தபால் குமாஸ்தாவிடம் போய்க் கேட்டேன். வற்றலுக்குள்ளும் விதைதானே இருக்கிறது, சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்றார். திரும்பி வந்து, தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அப்போது கமலம் சொன்ன யோசனையைக் கேட்டு முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"வத்தல எமிலியே போடட்டும். அங்கதான் காய் கொட்டிக் கிடக்குதே. பைய மட்டும் நாம அனுப்புவோம்."

நோயாளியை ஏமாற்றுவதா, கூடப் பிறந்தவரிடம் பொய்யா என்று குதித்தேன். அவள் அசையவில்லை. ஏஜெண்டு சொன்ன பொய்யை நம்பி அங்கே போனார், நாம் சொல்கிற பொய்யை நம்பி ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே என்றாள். நான் பேனாவை எடுத்தேன்.

வற்றல் போடுகிற முறையை இங்கிலீஷில் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. காயை நசுக்கணும், ஆனா நசுங்கிடக் கூடாது என்றாள் கமலம். அதை எழுதுங்கள் பார்ப்போம். மோரைப் புளித்த பால் என்று எழுதினேன். கெட்டுப்போன பால் என்று அந்தப் பெண் நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று அடித்துவிட்டு, தயிர் கடைகிறதிலிருந்து தொடங்கினேன். உப்புப் போட்டு ராத்திரி ஊறவைத்து, பகலில் வெயிலில் போட்டு, மறுபடி அதே மோரில் ஊறவைத்து, மோர் தீருகிறவரை. பல்லில் கடித்தால் கடக்கென்று சொல்லணும் என்றாள். கடக் என்பதற்கு இங்கிலீஷில் என் பள்ளிக்கூடம் ஒரு வார்த்தையும் கற்றுக்கொடுக்கவில்லை. கடக் என்றே எழுதினேன்.

பையைத் தன் பழைய சேலையில் வெட்டித் தைத்தாள். மேலே சிவப்பு நூலில், பெரிய எழுத்தாக, சிங்காரம் என்று தமிழில் தைத்தாள். அவருக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். அப்பாவிடம் காட்டும்வரை இதைப் பற்றி மூச்சுவிடாதே, உன் வற்றலை இந்தப் பைக்குள் போட்டு, ஊரிலிருந்து வந்தது என்று சொல்லி அவர் எதிரிலேயே பிரி என்று எமிலிக்கு எழுதினேன்.

தபாலாபீஸில் குமாஸ்தா பையைத் தடவிப் பார்த்தார், தலைகீழாகக் கவிழ்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லையே என்றார். ஒன்றுமில்லைதான் என்றேன். அப்புறம் எதற்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டார், தபால் கூலியை எடுத்து நீட்டினேன். அதற்கும் ஒரு பாரம் இருந்தது. உள்ளடக்கம் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். அது ஒழுங்காக ட்ரினிடாட் போய்ச் சேர்ந்தது.

7

எமிலியின் பதில் போன வாரம் வந்தது. இன்று காலை வந்த நினைவூட்டலும் அதுவும் இப்போது என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

வற்றல் முதல் தடவை பூசணம் பிடித்துவிட்டதாம், இரண்டாம் தடவை கடக்கென்று வந்ததாம். அந்த வார்த்தை வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டதாம். பை வந்து சேர்ந்ததும் நான் சொன்னபடியே செய்திருக்கிறாள். அண்ணன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சிவப்பு எழுத்தை விரலால் தடவி, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தாராம். பிறகு வறுக்கச் சொன்னாராம். சோற்றில் பிசைந்து, ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாராம். மறுநாளும் சாப்பிட்டாராம். இப்போது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாராம். வயிறு குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை, ஆனால் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் ஏதோ சொல்லியிருக்கிறார். அப்பா அவருடைய பாஷையில் இத்தனை நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை, காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன், அர்த்தம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். கீழே இங்கிலீஷ் எழுத்தில் இரண்டு வரி. நானும் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். முதலில் பிடிபடவில்லை. சத்தமாக வாசித்தபோது அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கமலம் வந்து நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"கசப்பு சரியா இருக்கு. நம்ம வேலிச் செடிதானான்னு தம்பியக் கேளு."

இரண்டு காகிதமும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. ஆபீஸ் கேட்பதற்கு இரண்டு வாரம் தவணை இருக்கிறது, கிடக்கட்டும். எமிலி கேட்ட அர்த்தத்தை முதலில் எழுதினேன். கசப்பு சரியாக இருக்கிறது என்பதை இங்கிலீஷில் எழுதிப் பார்த்தால் சமையலைக் குறை சொன்னது மாதிரி இருக்கிறது. அது குறை இல்லையம்மா, எங்களில் அது பாராட்டு என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டாவது வரிக்கு அர்த்தம் எழுதவில்லை. அதற்கு நான் சொல்கிற பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன், உனக்குப் புரியாது, அப்பாவின் காதருகில் போய் அப்படியே வாசி என்று எழுதினேன்.

பிறகு, அவள் வாய்க்கு வருகிறபடி, இங்கிலீஷ் எழுத்தில் எழுதினேன்: ஆமாண்ணே, நம்ம வேலிச் செடிதான்.